ஒரு லட்சத்துக்கு எத்தனை ரொட்டி

எங்கள் வீட்டில் புளி விலை ஏறினால் ஜெர்மனி வந்துவிடும். எண்ணெய் விலை ஏறினால் ஹங்கேரி. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் தாம்பரத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் இந்த இரண்டு நாடுகளையும் கூட வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினேன்.

என் வீட்டுக்காரருக்குப் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை. காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினால் விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவார். மாசம் பிறந்ததும் ஒரு பழுப்புக் கவரில் வீட்டுச் செலவுக்குப் பணம் போட்டுக் கொடுப்பார். எண்பத்தொன்றில் நானூறு ரூபாய். அது எண்பத்தாறு வரைக்கும் நானூறாகவே இருந்தது. அவருக்குச் சம்பளம் ஏறாமல் இல்லை. ஏறினது பி.எஃப்., சொசைட்டி லோன், அவர் அம்மாவுக்கு மணியார்டர் என்று அங்கங்கே போய்விடும். கவருக்குள் மட்டும் வராது.

நான் கேட்கத் தெரியாதவள். ஐந்தாவதோடு நின்றுவிட்டேன், அதனாலோ என்னவோ, நாலு பேர் முன்னால் வாய் வராது. மார்க்கெட்டில் காய் முன்னால் நிற்பேன், விலை கேட்பேன், குறைத்துக் கேட்க நினைப்பேன், அதற்குள் அடுத்தவள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஸ்டேஷன் பக்கத்தில் கடை போட்டிருந்த காய்காரம்மாவே ஒருநாள் கேட்டாள்.

"இன்னாம்மா, பாத்துகினே நிக்கிற? தக்காளி இன்னா சினிமாவா?"

அவளிடமே பேச முடியாதவள் வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவேன்? மூன்று நாள் மனசுக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு, நாலாம் நாள் அவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது ஆரம்பிப்பேன்.

"என்னங்க, இந்த மாசம் அம்பது ரூபா சேர்த்துக் குடுங்க. கடலை எண்ணெய் ஏறிடுச்சு."

"எவ்வளவு?"

"கிலோவுக்கு ரெண்டு ரூபா."

"ரெண்டு ரூபா! ஜெர்மனியில என்ன நடந்துது தெரியுமா உனக்கு?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முதல் யுத்தம் முடிந்து ஜெர்மனியில் பணம் காகிதமாகிப் போனதை அவர் எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ரொட்டி வாங்கக் கூடை நிறைய நோட்டு எடுத்துக்கொண்டு போவார்களாம். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனால் திருடன் நோட்டைக் கீழே கொட்டிவிட்டுக் கூடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவானாம். ஓட்டலில் காபி குடித்து முடிப்பதற்குள் அதன் விலை ஏறிவிடுமாம். விறகைவிட நோட்டு மலிவாகக் கிடைத்ததால் நோட்டைப் போட்டே அடுப்பு எரித்தார்களாம்.

"அடுப்புக்குள்ள பணத்தைப் போட்டு எரிச்சிருக்காங்கடீ. நீ ரெண்டு ரூபாய்க்கு அழுவறே!"

எனக்கு எரிச்சலாக வரும். ஜெர்மனிக்காரிக்கு எரிக்கவாவது நோட்டு இருந்தது. நான் மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் காலை ஆறு மணிக்குப் போய் கேனை வரிசையில் வைத்துவிட்டு வருகிறேன். இதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தேன்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு புத்தகம். பழைய மூர் மார்க்கெட்டில் அட்டை இல்லாமல் மூன்று ரூபாய்க்கு வாங்கி வந்தார். இங்கிலீஷ் புத்தகம். எந்தெந்த நாட்டில் எந்த வருஷம் விலைவாசி எவ்வளவு ஏறியது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. மற்ற வீட்டு ஆம்பிளைகள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் இவர் அதைச் சொல்லுவார். ஹங்கேரிதான் முதல் இடம். இரண்டாவது யுத்தம் முடிந்த கையோடு அங்கே காலையில் ஒரு விலை, மறுநாள் காலையில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். நோட்டில் போட வேண்டிய சைபர் அதிகமாகிப்போய், எண்ணாகப் போடாமல் எழுத்தாகவே அச்சடித்துவிட்டார்களாம். ஜெர்மனி அதற்குக் கீழேதான். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு என்று நினைக்கிறேன், அவ்வளவு நாள் ஜெர்மனியைத் தூக்கிப் பேசியவர். புத்தகம் அச்சானபிறகு கெட்டுப்போன நாடுகளைப் பேப்பரில் பார்த்துப் பென்சிலால் ஓரத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார். பொலிவியா, பிரேசில், அர்ஜென்டினா, பெரு. எல்லாம் எனக்கு மனப்பாடம். பெரு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

"நம்ம பேரு இந்தப் பட்டியல்ல எங்கியாவது இருக்கா பாரு. இல்ல! நமக்கு வருஷத்துக்குப் பத்து பர்சென்ட். அதெல்லாம் ஒரு ஏத்தமா?"

பல்லாவரத்தில் ஏறும் ஒரு ரயில் சிநேகிதர் இருந்தார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த குடும்பம். யுத்த காலத்தில் ஜப்பான்காரன் அங்கே அடித்துவிட்ட நோட்டுகள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த வீட்டு அம்மா கட்டை எடுத்துக் காட்டினார்கள். ஜப்பான் தோற்ற அன்றைக்கே செல்லாமல் போனது. அவர்கள் அப்பா ஒரு கடையை விற்று வாங்கின பணமாம் அது. இவர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமை, அருமை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அந்த அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கடை போனது அவர்களுக்கு. இவருக்கு அருமை.

எனக்கு பர்சென்ட் தெரியாது, தேங்காய் தெரியும். கவரில் வரும் பணத்துக்கு எத்தனை தேங்காய் வரும் என்று பார்ப்பேன். எண்பத்தொன்றில் இருநூறு வந்தது. எண்பத்தாறில் நூற்று முப்பதுதான். பணம் அதே நானூறு, எழுபது தேங்காயை மட்டும் காணவில்லை. ஒரு தடவை தைரியமாக இதை அவரிடம் சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ரயிலில் சிநேகிதர்களிடம் சொல்லி அவர்களும் சிரித்தார்களாம். ஐம்பது ரூபாய் ஏற்றிக் கொடுத்தார், அது வேறு விஷயம். சிரிப்புக்குக் கூலியாக இருக்கும்.

ஹங்கேரிக்காரி பட்ட பாடு ஒரு வருஷத்திலே முடிந்துவிட்டது. என் பாடு சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் ஓடியது. அதற்கெல்லாம் பட்டியல் போட மாட்டார்கள்.

இந்த இழுபறிக்கு நடுவிலும் ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தோம். எண்பத்து மூன்றில் என் இரண்டு ஜோடி வளையலை விற்று மேடவாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினோம். அப்போது அங்கே யார் இருந்தார்கள்? பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நடக்க வேண்டும். வேலிக்காத்தான் புதர், நாலு மூலைக்கு நாலு கல், அவ்வளவுதான். பத்திரம் அவர் பெயரில், பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி மட்டும் என் இடுப்பில். வாடகை வீட்டில் குழாயடிச் சண்டை வரும்போதெல்லாம் அந்த நாலு கல்லை நினைத்துக்கொள்வேன். அந்த மனைக்குத்தான் தொண்ணூற்று மூன்றில் ஆபத்து வந்தது.

என் பெண்ணுக்கு அப்போது இருபத்துநாலு. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிற பிரிவில் சூப்பர்வைசர். ஆயிரத்து நூறு ரூபாய் சம்பளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். குரோம்பேட்டைப் பக்கத்து ஆள், வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருவார்.

"சார், இப்ப சொல்லப்போற வரன் கீது பாருங்க, கேட்டா சேர்ல குந்த மாட்டீங்க. பையன் ஆப்பிரிக்காவுல கணக்கு வாத்தியாரு. கவர்மென்ட் ஸ்கூலு. மாசச் சம்பளம் இன்னான்றீங்க?"

"என்ன?"

"ஒரு லட்சம்!"

அந்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அங்கே போய்வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. பையனின் வீடு அனகாபுத்தூரில். அப்பா முன்பு தறி போட்டிருந்தவர், அப்போது லுங்கி மொத்த வியாபாரம். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். பையன் ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே போகும்போது சம்பளம் மூவாயிரம். அந்தக் காசு ஒன்று நம் காசுக்கு ஒன்றரை ரூபாய். அதை அப்பா மனசில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொண்டார். சம்பளம் மூவாயிரம் போய் முப்பதாயிரம் ஆனது, முப்பதாயிரம் போய் லட்சம் ஆனது. ஒன்றரை மட்டும் அவர் கணக்கில் ஒன்றரையாகவே இருந்தது. அதனால் லட்சம் என்றால் நம் காசுக்கு ஒன்றரை லட்சம்.

சரி, அவர் லுங்கி வியாபாரி. ஜெர்மனியைக் கரைத்துக் குடித்த என் வீட்டுக்காரருக்கு என்ன வந்தது?

"அவ்வளவு இருக்காதுன்னே வெச்சுக்கோ. பாதியாவே இருக்கட்டும். எழுபத்தஞ்சாயிரம் ஆச்சே மாசத்துக்கு!"

"ஒரு வாத்தியாருக்கா?"

"உனக்கு என்ன தெரியும்? அங்க பூமியைத் தோண்டினா தாமிரம். கொட்டிக் கிடக்கு."

"உங்க பட்டியல்ல அந்த ஊரு இருக்கான்னு பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். இல்ல."

இந்தியாவும்தான் அதில் இல்லை. என் தேங்காய் குறையவில்லையா? ஒரு வார்த்தை பேங்கில் விசாரிக்கச் சொன்னேன். போனார். அந்த நாட்டுப் பணம் தங்களிடம் வருவதே இல்லை, டாலர், இங்கிலாந்து பவுண்டு என்றால் சொல்லுகிறோம் என்றார்களாம். அத்தோடு விட்டுவிட்டார். தெரு முழுக்க லட்ச ரூபாய் மாப்பிள்ளை என்று பரவிவிட்டது. குழாயடியில் எனக்கு முன்னால் குடம் வைத்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். எனக்கு அங்கேயே பயம் பிடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் அப்போது மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்டபிறகுதான் சவரன் பேசுவார்கள். கம்பெனி வேலை என்றால் பத்து. பேங்க் என்றால் இருபத்தைந்து. வெளிநாடு என்றால் நாற்பதில்தான் பேச்சே ஆரம்பிக்கும். தரகர் நாற்பது என்று சொல்லிவிட்டுப் போனார், கல்யாணச் செலவு தனி. அன்றைக்குச் சாயங்காலமே இவர் மேடவாக்கம் மனைக்கு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பேச்சு வார்த்தை ஒரே வாரத்தில் முடிந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. என் வளையல் நாலும் என் கண்முன்னால் இரண்டாவது தடவை போகப் போகிறது.

என் பெண் என்ன சொன்னாள் என்றால், "பாக்கட்டும்மா, பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். நாற்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்கு யார் என்ன பிரித்துக் கொடுத்தோம்?

பெண் பார்க்க வந்தார்கள். அப்பா, அம்மா, பையன், தரகர். பையனுக்கு முப்பது முப்பத்தொன்று இருக்கும். தலை முன்பக்கம் லேசாக ஏறியிருந்தது. நல்ல துணிதான் போட்டிருந்தான், ஆனால் காலர் மடிப்பில் நைந்திருந்தது. துணி வேலை செய்கிற பெண்ணைப் பெற்றதால் அது என் கண்ணில் பட்டது. வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. பேச்செல்லாம் அப்பாதான்.

"நாற்பதுங்கறது எங்களுக்குப் பெருசு இல்லீங்க சார். அவன் அங்க ஒரு மாசத்துல சம்பாதிக்கிறான். ஒரு மரியாதைக்குத்தான்."

"அதுக்கென்ன, செஞ்சுடலாம். மனைக்கு வர்ற புதன்கிழமை அட்வான்ஸ் வாங்கறேன்," என்றார் இவர்.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். புதன்கிழமை என்று காதில் விழுந்தது. அதற்கு மூன்று நாள்தான் இருந்தது. பெண் கேசரி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். காபியை நான் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாகத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அன்றைக்குத் தட்டு கையிலேயே இருந்தது. பையனுக்கு முன்னால் நின்றேன். பொதுவாக எதையாவது கேட்கிறதுபோல் கேட்டேன்.

"அங்க தேங்காய்லாம் கிடைக்குமா தம்பி?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"கிடைக்காதுங்க. நான் இருக்கற ஊரு கடலுக்கு ரொம்ப தூரம்," என்றான் பையன். குரல் மெதுவாக இருந்தது.

"பின்ன என்ன சாப்பிடுவீங்க?"

"சோள மாவு. காலையில ரொட்டி."

"ரொட்டி என்ன விலை?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் காபி டம்ளரைப் பார்த்தான்.

"நான் கிளம்பறப்ப ஐந்நூறுங்க. இப்ப எவ்வளவு ஆயிருக்கும்னு தெரியலை."

"ஐந்நூறா?" அவன் அப்பா பாதி எழுந்துவிட்டார். "ஐந்நூறு ரூபாய்க்கு ரொட்டியா? தங்கத்துலயாடா சுடறான்?"

"அந்த ஊர்க் காசுப்பா. போன வருஷம் நூத்தம்பதுக்கு வாங்கினேன்."

"இதெல்லாம் நீ சொல்லவே இல்லையே?"

"லெட்டர்ல எழுதினேனேப்பா. விலைவாசி ஜாஸ்தின்னு. நீங்க இங்கயும் அப்படித்தான்னு பதில் போட்டீங்க."

தரகர் பஜ்ஜியைப் பாதி கடித்தபடி அப்படியே வைத்திருந்தார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் அவனுக்கு அடைத்திருந்தது எதுவோ திறந்துவிட்டதுபோல் அவனே சொன்னான். சம்பள நாளன்று பதினொரு மணிக்கே பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பில் வாத்தியார் இருக்க மாட்டார்களாம். பணத்தை வாங்கின கையோடு கடைக்கு ஓடுவார்களாம். அடுத்த நாள் போனால் மாவு மூட்டைக்கு விலை கூடியிருக்கும். மாவு கிடைக்காவிட்டால் சோப்பு வாங்கி அடுக்குவானாம். சோப்பு கெட்டுப்போகாது, அதைக் கொடுத்து முட்டை வாங்கலாம், கோழிகூட வாங்கலாம். முதல் மூன்று வருஷம் பேங்கில் போட்டு வைத்திருந்தானாம். அதையெல்லாம் போன வருஷம் எடுத்துச் சைக்கிளுக்கு இரண்டு டயர் வாங்கினானாம்.

"மூணு வருஷச் சேமிப்பா?" என்றார் அவன் அப்பா.

"ஒரு டியூபும் சேர்த்து."

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? தலையில் கை வைத்திருக்க வேண்டும். அட, முகமாவது வாடியிருக்க வேண்டும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் பளபளவென்று ஆகிவிட்டது.

"அப்ப ஜெர்மனி மாதிரியேவா? பணத்தைப் பையிலதான் கொண்டுபோவீங்களா?"

"பையிலதான் சார். எண்ண மாட்டாங்க, கட்டாவே குடுத்துடுவாங்க."

"பெரிய நோட்டு என்ன இருக்கு? எத்தனை சைபர்? ஒண்ணு கையில வெச்சிருக்கீங்களா?"

"வீட்ல இருக்கு சார்."

"ஹங்கேரியில எழுத்துலயே அடிச்சிட்டான் தெரியுமோ?"

"நிஜமாவா சார்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு வாத்தியாராச்சே, அவனுக்கும் இதில் ருசி. எத்தனை நாளில் இரட்டிப்பாகும் என்று பஜ்ஜி வைத்திருந்த பேப்பரின் ஓரத்தில் எழுதிக்கூடக் காட்டினான். பெண் பார்க்க வந்தது, சவரன், மனை எல்லாம் போயே போய்விட்டது. உள்ளே என் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, மாப்பிள்ளைய அப்பாவுக்குத்தான் புடிச்சிருக்கு. பேசாம அவங்க ரெண்டு பேருக்கும் முடிச்சுடு."

நான் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு கணக்குப் போட்டேன். அந்த ஊர்க் காசு லட்சத்துக்கு, ஒரு ரொட்டி ஐந்நூறு என்றால், இருநூறு ரொட்டி. தாம்பரம் பேக்கரியில் அப்போது பெரிய ரொட்டி ஐந்தரை ரூபாய். என் பெண்ணின் ஆயிரத்து நூறுக்கும் அதே இருநூறு ரொட்டி. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. அவளிடம் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப எனக்கும் ஒரு லட்சம்தான்," என்றாள். "எனக்கு யாரு தரப்போறா நாற்பது சவரன்?"

தண்ணீர் கேட்டுக்கொண்டு பையனின் அம்மா உள்ளே வந்தார்கள். தண்ணீரை வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

"ஆறு வருஷமா எனக்கு எழுதற லெட்டர்ல சோப்பு வாங்கினேன், சோப்பு வாங்கினேன்னே எழுதுவான். புள்ள சுத்தமா இருக்கான்னு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேங்க," என்றார்கள்.

டம்ளரை வாங்கி மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. தரையெல்லாம் சிந்தியது.

கூடத்தில் பையனின் அப்பா எழுந்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்த இடத்துல பையனை உக்கார வெச்சு ரொட்டி விலை விசாரிக்கிறது எந்த ஊரு மரியாதைங்க? தெரியாமத்தான் கேக்கறேன்."

தரகர் சமாதானம் பண்ணப் பார்த்தார். "சார், கோச்சுக்காதீங்க சார், அந்தம்மா வாயே தொறக்க மாட்டாங்க."

"தொறந்தாங்களே!"

போய்விட்டார்கள். பையன் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம், ஊருக்குப் போனதும் பெரிய நோட்டு ஒன்று தபாலில் அனுப்புகிறேன் சார் என்று சொன்னான். இவரும் விலாசம் எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வாசல் கதவைச் சாத்தினதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"சபையில என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் விலைதானே கேட்டேன்?"

"கேக்கறதுக்கு ஆம்பிளை நான் இல்ல?"

"நீங்க கேக்கலியே."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தெருவிலும் சும்மா இல்லை. லட்ச ரூபாய் மாப்பிள்ளையை விரட்டிவிட்டாள் என்று பேசினார்கள். குழாயடியில் என் குடம் மறுபடியும் கடைசிக்குப் போனது. அதெல்லாம் பரவாயில்லை. என் கவலையெல்லாம் புதன்கிழமைதான். சம்பந்தம் முறிந்ததே, மனைப் பேச்சையும் விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தால், நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறேன் என்கிறார்.

"எதுக்குங்க?"

"வாக்குக் குடுத்தாச்சு. நல்ல விலை. பணத்தை வாங்கி பேங்க்ல போட்டுட்டா நாளைக்கு எந்த வரன் வந்தாலும் கையில ரெடியா இருக்கும்."

என்ன ஜன்மம் இது என்று இருந்தது எனக்கு. இத்தனை நாடு படித்து, இத்தனை கதை சொல்லி, கண் முன்னால் ஒருத்தன் டயர்க் கதை சொல்லிவிட்டுப் போய் மூன்று நாள் ஆகவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு மனை வாங்குகிறவர் வந்தார். மடியில் அட்வான்ஸ் பணம், கையில் மஞ்சள் பை. பத்திரத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நகலும் வேண்டும் என்றார். இவர் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. வெளி ஆள் இருக்கும்போது நான் வரமாட்டேன் என்பது தெரிந்த விஷயம்தானே, இவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததையே மறுபடியும் உரித்தேன். வந்தவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். காபியைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாவி கேட்டார், எனக்குக் காது கேட்கவில்லை. அரை மணி போயிற்று. கடைசியில் இவரே சமையலறைக்குள் வந்தார்.

"பீரோ சாவியைக் குடு."

நான் நிமிரவில்லை.

"குடும்மா. மனுஷன் உக்காந்துட்டிருக்கார்."

"பணத்தை வாங்கி என்ன செய்வீங்க?"

"அதான் சொன்னேனே. பேங்க்ல."

"அந்தப் பையனும் பேங்க்லதான் போட்டான்."

"அது வேற, இது வேற. அங்க இருக்கிற நிலைமை என்ன, இங்க... நமக்குப் பத்து பர்சென்ட்தான்..."

பாதியில் நின்றுவிட்டார். நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினேன்.

"அந்த மனை எத்தனை வருஷம் ஆனாலும் ஒரு கிரவுண்டுதாங்க. முக்காலாகாது."

ஜெர்மனி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. என் இடுப்பைப் பார்த்தார், சாவிக்கொத்து அங்கே தொங்கிக்கொண்டிருந்தது, முந்தானைகூட மறைக்கவில்லை. அதைப் பார்த்தபடியே கூடத்துப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"சார், மன்னிச்சுக்கணும். பீரோ சாவியைக் காணலை. வீடு பூரா தேடிட்டோம்."

"கிடைக்கட்டும் சார், மெதுவாத் தேடுங்க. அடுத்த புதன்கிழமை வரட்டுமா?"

"இல்ல சார், அது கிடைக்கும்னு தோணலை."

வந்தவர் மஞ்சள் பையை மடித்துக்கொண்டு எழுந்தார். இவர் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, லீவு ஒன்று வீணாகப் போயிற்று என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் பேப்பருக்குப் பின்னாலிருந்து, எல்லாருக்கும் குடுத்தியே, எனக்குக் காபி எங்கே என்று கேட்டார்.